கல்லில் இருப்பது அண்ணன் பெயர்

புதன்கிழமை, இரவு.

பாடாலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் உள்ள போர் நினைவுக் கல்லில் இருக்கும் பெயர்கள் யாருடையவை என்று தேடிவருகிறேன். எல்லோரும் இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பாதவர்கள். இன்று அதில் உள்ள ராமசாமியின் வீடு கிடைத்தது. அவர் மகன் கலியபெருமாள் வாசலில் மக்காச்சோளம் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க அப்பா பர்மாவுல இறந்துட்டாருங்களா?" என்று தயங்கிக் கேட்டேன்.

"எங்கப்பாவா? பேரப்புள்ளைங்களை எல்லாம் பாத்துட்டு, இந்த வூட்டுலதாங்க செத்தாரு."

பட்டாளத்துக்குப் போனது ராமசாமியின் தம்பி செல்லமுத்துவாம். வீட்டில் கஞ்சிக்கே வழியில்லாத காலம். வயது போதாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, அண்ணன் பெயரைச் சொல்லிச் சேர்ந்திருக்கிறார். செத்ததும் அந்தப் பெயரில்தான்.

"அப்பா அந்தக் கல்லுப் பக்கமே போவ மாட்டாருங்க. பஸ்ஸுக்குக்கூடச் சுத்திக்கிட்டுதான் போவாரு."

பெயரை மாற்றச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவரோ குனிந்து மக்காச்சோளத்தைக் கிளறிவிட்டார்.

"மாத்துனா, சித்தப்பா பொய் சொல்லிச் சேந்தாருன்னு ஆயிடாதுங்களா?"

"பசிக்குச் சொன்ன பொய்தானேங்க. யாரு தப்பா நெனைப்பாங்க?"

சாயங்காலம் என்னோடு கல் வரைக்கும் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பாவின் பெயர்மேல் கை வைத்தார். தான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவரை, இந்த வயதில் முதல்முறையாக, "சித்தப்பா" என்று கூப்பிட்டார். பிறகு என்னிடம், "எழுதுங்க" என்றார்.

மனுவைத் தொடங்கிவிட்டேன். செல்லமுத்துவுக்கு அப்போது என்ன வயது என்று குறிப்பிட வேண்டும். கலியபெருமாளுக்கும் சரியாகத் தெரியவில்லை. மீசை முளைக்கவில்லை என்று மட்டும் அப்பா சொல்வாராம்.