அகியாமாவிடம் நான் சொன்ன பதில்

யாய்ஸு, ஜப்பான்,
பிப்ரவரி 24

அன்புள்ள தோமோயாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியமாகத்தான் இருக்கிறோம், உன் இடது முழங்கால் இப்போது சொன்னபடி கேட்கிறதா, ஆப்பிள் தோட்டத்தில் ஏணி ஏறும்போது பார்த்து ஏறு. அம்மா தேயிலை அனுப்பியிருக்கிறாள். கருவாடும் வைக்கப் பார்த்தாள், நியூசிலாந்து சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று தடுத்தேன், அதற்கு இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த விஷயத்தைத் தொலைபேசியில் சொன்னால் இன்னும் குழப்பிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். போன வாரம் நீ ஆடிய கால்பந்து கிளப்பிலிருந்து அகியாமா வந்தார், என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவர், இப்போது அங்கே சிறுவர் அணிகளைப் பார்த்துக்கொள்கிறார். ஏப்ரலிலிருந்து பையன்களுக்குக் கோல்கீப்பிங் சொல்லித்தர உன்னைக் கூப்பிடலாமா என்று யோசிக்கிறார்களாம். நீ ஓய்வை அறிவித்த கையோடு ஊரைவிட்டுப் போய்விட்டாயே, நேரே கேட்டால் சங்கடப்படுவாயோ என்று முதலில் என்னிடம் வந்திருக்கிறார். "தோமோயா வந்தா எங்களுக்குப் பெரிய பலம் சார்" என்றார். நான் சொன்னேன், "அட, அவனா? பதினாலு வருஷம் பெஞ்சைத் தேய்ச்சவன். அவனால உங்களுக்குத் தொந்தரவுதான்." நம் பிள்ளையை யாராவது புகழ்ந்தால் அப்படிச் சொல்வதுதானே மரியாதை. அவர் மறுபடி கேட்பார், நான் மறுபடி மறுப்பேன், மூன்றாவது தடவை தலைவணங்கி ஒப்புக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவரோ தேநீரைக் குடித்துவிட்டு, "புரியுது சார்" என்று எழுந்து போய்விட்டார்.

கதவை மூடியதும் அம்மா, "என்ன புரிஞ்சுதாம் அவருக்கு?" என்றாள். எனக்கும் அதுதான் புரியவில்லை. மறுநாள் மீன் கடையில் அவளுக்குச் சேதி கிடைத்தது. நீ வருவதில் உன் அப்பாவுக்கே விருப்பமில்லையாம், அதனால் வேறு ஆள் தேடுகிறார்களாம். "போய் உள்ளதைச் சொல்லிட்டு வாங்க" என்றாள். அது என்ன லேசான காரியமா? அவளே அகியாமா மாதிரி எதிரே உட்கார்ந்து, "உங்க பையன் எப்படி சார்?" என்று கேட்டுப் பழக்கினாள். வாயைத் திறந்தால், "ஏதோ, சுமாரா..." என்றுதான் வருகிறது. உட்கார்ந்திருந்த மெத்தையைத் தூக்கி என்மேல் எறிந்தாள். நான் வாத்தியாராக இருந்தபோது பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பெற்றோர் வரும் நாளில் ஒரு தாய் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "எங்க வீட்டு மக்கு" என்பாள். பணிவுக்குச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? உனக்குத் தெரிந்திருந்ததா? இதை எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை.

இன்று காலை கிளப் அலுவலகத்துக்கே போனேன். "என் மகன் நல்ல கோல்கீப்பர், சொல்லிக்கொடுக்கவும் தெரிந்தவன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அகியாமாவின் முகமே மாறிவிட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு, "சார், உடம்புக்கு ஒண்ணுமில்லையே? வீட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?" என்றார். குடிக்கத் தண்ணீர் வேறு. அப்புறம்தான் விவரம் சொன்னார். உன்னைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஆடிய இரண்டு கோல்கீப்பர்களுமே உன் பெயரைத்தான் சொன்னார்களாம். தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் காலை, அவர்களுக்கு முன்பே மைதானத்தில் வந்து நின்று, அவர்கள் மனம் தேறும்வரை பந்தை உதைத்துக்கொடுப்பவன் நீதானாம். பெஞ்சில் இருப்பவன் சும்மா இருக்கிறான் என்று நினைத்திருந்தேன். ஒரு நாளாவது நீ சொல்லியிருக்கலாமே!

மார்ச் இருபது வரை அந்த இடத்தை யாருக்கும் தரமாட்டாராம், ஆனால் பதிலை உன் வாயால் கேட்க வேண்டுமாம். உனக்கு வர விருப்பமா என்பதுதான் எங்களுக்குப் பிடிபடவில்லை. போன முறை தொலைபேசியில், "இங்க என்னை யாருக்கும் தெரியாதுப்பா, நல்லா இருக்கு" என்றாய். அம்மா அதை நிம்மதி என்கிறாள், எனக்கு வருத்தமாகப் பட்டது, மறுநாள் இருவரும் கட்சி மாறிவிட்டோம். அங்கேயே பிடித்திருந்தால் வரவில்லை என்று சொல்லிவிடு, எங்களுக்குக் கோபம் இல்லை. வர விரும்பினால் தயவுசெய்து பணிவாக மட்டும் பேசாதே. "நான் எம்மாத்திரம்" என்று நீ ஆரம்பித்தால், அந்த மனிதர் அதையும் நம்பிவிடுவார்.

எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், வயிறார உண்டு, நன்றாக இரு. மார்ச் இருபது, மறந்துவிடாதே.

உன் அப்பா