சின்னப்பொன்னியில் பதினெட்டாம் பெருக்கு

முதல் நாள், 07:10. சின்னப்பொன்னி ஆறு, கீழ்ப் பள்ளத்தாக்கு

வெப்பம் 4 பாகை. காற்று மிதம். கரையோர ஆழம் 1.3 மீட்டர். முகமூடியில் பிராணவாயு ஆறு நாளைக்கு இருக்கிறது.

இதை யார் எடுத்துப் படிக்கிறீர்களோ, என் பெயர் இந்திராணி. இந்தக் கிரகத்தின் ஒரே குடியிருப்பான மேட்டுக்குடியின் ஒரே நீர் அளவையாளர். பூமியை விட்டு வந்து ஒன்பது வருடமாகிறது. ஒன்பது வருடமும் ஆடிப் பதினெட்டுக்குக் கூடத்தில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து கலந்த சாதம் சாப்பிட்டோம். தொட்டிக்குப் பூ வேறு போட்டோம். எனக்கு வெட்கமாக இருக்கும்.

இந்த வருடம் பனி உருகி நிஜமாகவே ஓர் ஆறு ஓடுகிறது. நாளை மறுநாள் நண்பகலுக்கு முப்பத்தொரு பேர் வண்டியில் வந்து, மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்கள். இடம் பார்த்துவைக்க என்னை முன்னால் அனுப்பியிருக்கிறார்கள்.

முதல் நாள், 16:40

இடம் முடிவாயிற்று. கரையிலிருந்து அறுபது மீட்டர் மேலே ஒரு பாறை மேடு. ஒன்பது கூடாரம், காற்று மறைவில் சமையல், கழிப்பறைக் கூடாரம் தள்ளி. முளைகளை அடித்துவிட்டேன்.

வண்டி ஓட்டி வரப்போகிறவன் என் தம்பி தயாளன். காலையிலிருந்து ஏழு தடவை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுவிட்டான். எலுமிச்சை சாதம் எத்தனை பேருக்கு, கயிறு எத்தனை சுருள், ராத்திரி குளிருமா. ஏழு தடவையும் திட்டினேன், ஏழு தடவையும் சிரித்தான். மின்கலம் பாதி காலி. அதனால் எல்லாரையும் கூப்பிட்டு ஒரு விதி சொல்லிவிட்டேன். நான் பேசாமலிருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். ஆபத்து என்றால் மட்டும் பேசுவேன். பதில் வரவில்லையே என்று யாரும் கவலைப்படக் கூடாது, வந்துகொண்டே இருக்க வேண்டும். முப்பத்தொரு பேரும் சரி என்றார்கள்.

இரண்டாம் நாள், 07:30

ஆழம் 0.6. ஒரே நாளில் பாதிக்கும் கீழே போய்விட்டது. குளிரில் உருகல் குறைந்திருக்கும்.

எரிச்சலாக வருகிறது. பெருக்கு என்று ஊரைக் கூட்டிவந்து வற்றிய ஆற்றைக் காட்டினால் என்னைத்தான் கேட்பார்கள். தண்ணீரில் கால் நனைக்காமல் இவர்கள் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். மேட்டிலிருந்து தண்ணீர் இப்போது வெகுதூரம். முளைகளை எல்லாம் பிடுங்கி, கீழே மணல் திட்டுக்கே மாற்றிவிட்டேன். பச்சை விளக்குக் கம்பங்களையும் அங்கேயே நட்டேன். தயாளனுக்கு ஒரே வரி சொன்னேன், பச்சை விளக்கு எங்கே எரிகிறதோ அங்கே வண்டியை நிறுத்து என்று. அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாம் நாள், 16:00

ஆழம் 0.2. நாள் முழுக்க நல்ல வெயில். உருகல் கூடியிருக்க வேண்டும், ஆறு குறைகிறது. உட்கார முடியவில்லை. கூடார முளைகளை மூன்று தடவை எண்ணினேன். அவை ஓடிப்போகவா போகின்றன?

விடிந்ததும் எதிர்க்கரை வழியாக மேலே போய்ப் பார்க்கிறேன். அந்தப் பக்கம் நடக்கச் சுலபம்.

மூன்றாம் நாள், 08:25. திட்டுக்கு மேலே மூன்று கிலோமீட்டர்

காரணம் தெரிந்துவிட்டது. இரண்டு மலைச்சரிவிலிருந்தும் பனிப்பாளம் சரிந்து ஆற்றை அடைத்திருக்கிறது. பின்னால் ஏரி நிற்கிறது. அதன் மறுகோடி கண்ணுக்குத் தெரியவில்லை. அளவுமானி வைத்துவிட்டேன், ஆற்று வழியாகவே என் மணிக்கட்டுக்கு அளவு அனுப்பும். பாளத்தின் விளிம்புக்கு 2.3 மீட்டர் பாக்கி. மணிக்கு அரை மீட்டர் ஏறுகிறது. விளிம்பைத் தாண்டினால் பாளம் நிற்காது. பகல் ஒரு மணிக்குள் எல்லாம் கீழே வரும்.

அவர்கள் பன்னிரண்டுக்கு வந்துவிடுவார்கள்.

ஆறு குறைந்ததும் இதைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நீர் அளவையாளர் என்று எழுதிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. இங்கே மலை மறைக்கிறது, வயர்லெஸ் எடுக்காது. திட்டுக்குச் சற்று மேலே ஆற்றின் திருப்பம் வரை ஓட வேண்டும்.

மூன்றாம் நாள், 09:30. திட்டுக்கு எதிர்க்கரை, மேல் பாறை

திருப்பத்தில் விழுந்துவிட்டேன். வலது கணுக்கால் உடைந்திருக்கிறது. தவழ்ந்து இந்தப் பாறைக்கு வந்தேன். ஆற்றிலிருந்து நாற்பது மீட்டர் உயரம். எனக்கு ஒன்றும் ஆகாது.

வயர்லெஸ் எனக்கு அடியில் சிக்கியது. கேட்கிறது, பேச முடியவில்லை. பொத்தான் நசுங்கி உள்ளே போய்விட்டது. கத்தியால் நெம்பினேன், முகமூடியை விலக்கிப் பல்லால் கடித்தேன். தயாளன் வண்டியைக் கிளப்பிவிட்டதாகச் சொல்கிறான். பின்னால் பாட்டுச் சத்தம்.

நான் பேசவில்லை. அதனால் எல்லாம் சரி.

மூன்றாம் நாள், 10:40

பாக்கி 1.1 மீட்டர். வெயில் ஏற ஏற வேகம் கூடுகிறது. பொத்தானுக்கு உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. இரண்டு தடவை முறுக்கிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. எதிரே திட்டில் பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன. என் கையால் நட்டது. அவற்றைப் பார்க்கவே முடியவில்லை.

மூன்றாம் நாள், 11:15

பாக்கி 0.8.

தயாளன்: "அக்கா, கழிப்பறைக் கூடாரத்த வீட்லயே மறந்துட்டு வந்துட்டோம். பரவால்லல்ல?"

மூன்று நாள், முப்பத்தொரு பேர். மறந்துவிட்டானாம். செத்த வயர்லெஸ்ஸைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மூன்றாம் நாள், 11:22

வண்டியின் சத்தம் நின்றுவிட்டது. வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

தயாளன்: "அக்கா, கூடாரம் வண்டியிலதான் இருக்கு. சும்மா சொன்னேன். நீ சொன்ன விதியெல்லாம் ஊருக்கு. இதக் கேட்டுட்டு நீ திட்டாம இருக்க மாட்ட. உனக்கு ஏதோ ஆயிருக்கு."

யாரும் கீழே இறங்கக் கூடாது, வண்டி மேட்டு விளிம்பிலேயே நிற்கட்டும் என்று மற்றவர்களிடம் சொன்னான். இரண்டு பேர் எதிர்த்துப் பேசினார்கள். அதட்டி அடக்கினான். என் தம்பி அதட்டுவதை இன்றுதான் கேட்கிறேன்.

அவனால் மற்ற முப்பது பேரும் பிழைத்தார்கள். இதைப் படிக்கிறவர் அவனைப் பற்றி ஊரில் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள், 11:55

பாக்கி 0.4.

தனியாக இறங்கி வருகிறான். தோளில் மருந்துப் பை, கையில் தூக்குவாளி. இங்கிருந்தே தெரிகிறது. இந்த நேரத்திலும் சோறு கொண்டுவருகிறான், மடையன்.

இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, போ, போ என்று ஆட்டினேன். பார்த்துவிட்டான். அவனும் கையை ஆட்டினான்.

தயாளன்: "பாத்துட்டேன் அக்கா. அங்கேயே இரு, வந்துட்டேன். உன் துடிப்பு என் கைல காட்டுது. அது போதும் எனக்கு."

எங்கள் உடுப்பு நாடித் துடிப்பைப் பக்கத்திலிருப்பவர் மணிக்கட்டுக்கு அனுப்பும். நான் உயிரோடு இருக்கிறேன் என்று அது அவனிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வா, வா என்று அழைக்கிறது.

மூன்றாம் நாள், 12:20

பாக்கி 0.1. திட்டுக்கு வந்துவிட்டான். அங்கிருந்து என் பக்கக் கரைக்கு நானூறு மீட்டர் ஈர மணல். என் பக்கம் வர வரக் கால் அதிகமாகப் புதையும். பத்து நிமிடம் ஆகும்.

பாளம் உடைந்தால் தண்ணீர் இங்கே வர ஐந்து நிமிடம்.

12:24

அளவுமானி பேசவில்லை. போய்விட்டது. மேலே இடி மாதிரி ஒரு சத்தம். அவன் வண்டி ஓட்டும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, அதற்குள் அது கேட்காது. இருநூறு மீட்டர் வந்திருக்கிறான், சரிபாதி. தூக்குவாளியைக் கவனமாகப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

ஒரே ஒரு வழி. துடிப்பை அணைத்தால் நான் செத்துவிட்டேன் என்று நினைப்பான். நின்றுவிடுவான். திரும்பிவிடுவான். திட்டைத் தாண்டினால் மேடு. யாருக்காக வருகிறானோ அவள் இல்லை என்றால் எதற்கு வர வேண்டும்?

அணைத்துவிட்டேன். பாறையில் அசையாமல் படுத்திருக்கிறேன்.

12:25

நின்றான். மணிக்கட்டைப் பார்க்கிறான்.

திரும்பு. திரும்பு தயாளா.

தூக்குவாளியைப் போட்டான். ஓடுகிறான். என்னைப் பார்த்து. இந்தப் பக்கம்.

என்ன செய்துவிட்டேன்

12:26

மறுபடி துடிப்பைப் போட்டேன். பார்க்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பார்க்கவில்லை. என்னையே பார்க்கிறான்

நூற்றிருபது மீட்டர். ஓடினால் நடப்பதைவிடச் சீக்கிரம். அப்படித்தானே. நடந்திருந்தால் முடியாது, ஓடினால் முடியலாம்

எழுந்து நிற்கிறேன். ஒற்றைக்காலில். பார்க்கட்டும்

திருப்பத்தில் தண்ணீர் தெரிகிறது. வெள்ளையாக. உயரம் தெரியவில்லை

அவனும் பார்த்துவிட்டான். நிற்கவில்லை

எழுபது

ஓடு தம்பி. பையைத் தூக்கிப் போடு. போட்டுவிட்டான்

நாற்பது. ஓடு. இன்னும் கொஞ்சம்தான், ஓ