சர்வரிடம் நான் கேட்ட கேள்வி

என் தங்கமான சண்டைக்காரி மல்லிகாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஒண்டிக்கடை ஆபீசில் நீ வைத்துவிட்டுப் போன சர்வர் இன்னும் ஓடுகிறது. பறிப்பு, எடை என்று மொத்த விவரமும் அதற்குள். வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை எஸ்டேட் கம்ப்யூட்டர்கள் போன் லைன் வழியாக அதைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. இடி இடித்தால் லைன் போய்விடுகிறது. அதை மட்டும் உன்னாலும் சரிசெய்ய முடியவில்லை, ஒப்புக்கொள்.

இந்த சீசனில் உன் சர்வர் எங்கள் வயிற்றில் அடிக்கப் பார்த்தது தெரியுமா? மஞ்சக்குட்டையில் பாதி விளைச்சல்தான் என்று ரிப்போர்ட் வந்தது. காப்பிச் செடியைப் பிடுங்கப் போகிறோம், கூலிக்காரர்களின் லைன் வீடுகளைக் காலி செய்யுங்கள் என்று மேனேஜர் உத்தரவு போட்டுவிட்டார். அதில் என் வீடும் ஒன்று. செத்தவளைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் உன்னை நன்றாகத் திட்டினேன்.

பிறகுதான் உறைத்தது. தோல் உரிக்கத் தண்ணீர் தரும் எங்கள் ஓடை வற்றிப்போனதால், பறித்த பழத்தை ஜீப்பில் ஏற்றி வெள்ளக்கடையில்தான் தோல் உரித்தோம். எடை போட்டது அங்கே. பதிந்ததும் அங்கிருந்த கம்ப்யூட்டரில். எந்தக் கம்ப்யூட்டரில் பதிந்தார்கள் என்பதை மட்டும் வைத்து ரிப்போர்ட் எடுத்திருக்கிறார்கள். எங்கள் பழமெல்லாம் வெள்ளக்கடைப் பழமாகிவிட்டது!

"எந்தக் காட்டில் பறித்தது" என்று நீ ஒரு கட்டம் வைத்தபோது சண்டை போட்டேனே, நினைவிருக்கிறதா? "பழம் பழந்தானே, எங்க பறிச்சா என்னடி?" என்றேன். "இருக்கட்டுங்க்கா. நாளைக்கு யாராச்சும் வேற மாதிரி கேட்டா, சர்வர் பதில் சொல்லோணுமில்ல?" என்றாய். கணக்கு எழுதும் வெள்ளக்கடை ரைட்டர், மகராசன், அந்தக் கட்டத்தை ஒருநாள்கூட விடாமல் நிரப்பியிருந்தார்.

நீ சொல்லிக்கொடுத்தபடியே, அந்தக் கட்டத்தை வைத்துக் கேள்வியை மாற்றி எழுதி, மேனேஜர் முன்னாலேயே தட்டினேன். மஞ்சக்குட்டை போன சீசனைவிட மேலே நின்றது.

"ஏம்மா, அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுச்சா?"

"பொய் சொல்லலீங்க. நீங்க மிஷினைக் கேட்டீங்க. நான் காட்டைக் கேட்டனுங்க."

 மனிதர் உத்தரவைக் கிழித்துப் போட்டார்.

லைன் வீடுகளில் உன் பெயரைச் சொல்லித்தான் விஷயத்தைச் சொன்னேன். பழம் பறிக்கும் பாப்பாத்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் புள்ளைய ஒருக்கா கூட்டியா கண்ணு. நம்மூட்டுல ஒரு வாய் சோறு திங்கோணும்."

"சரிங்க" என்று தலையாட்டிவிட்டேன். நீ இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லையடி.

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிவிடுவேன். அவர் இலை போட்டால், உன் பங்கையும் நானே சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். சத்தியம்.

உன் கூடப்பிறக்காத அக்கா,
சரோஜா