பை கட்டிலுக்குக் கீழேயே தொங்கட்டும்

அக்கா, ஷிப்டுக்கு நேரமாச்சு. ஷூ மாட்டிக்கிட்டே பேசி டைப் பண்றேன், தப்பு இருந்தா சரி பண்ணிப் படிச்சுக்கோ.

அப்பாவுக்கு மறுபடியும் உடம்பு கொதிக்குது. சாயங்காலம் நர்ஸ் வருவாங்க, கதவத் திறந்துவிடு. இந்தத் தடவை மருந்து கேக்குமான்னு அவங்களுக்கே நம்பிக்கை இல்ல. ஊர்ல அம்மாகிட்ட சாதாரண ஜுரம்னுதான் சொல்லியிருக்கேன், மாத்திப் பேசிடாத.

அவருக்கு டியூப்ல மாட்டியிருக்கிற மூத்திரப் பையைத் தொடுறதுக்கு முன்னாடியும் அப்புறமும் கைய சோப்பு போட்டுக் கழுவு. டியூப் மடங்காமப் பாத்துக்கோ. பை அவர் இடுப்புக்குக் கீழயே தொங்கணும், தரையில படக்கூடாது. உன் மாமியார் வந்தப்ப அதத் தூக்கிப் போர்வைக்குள்ள மறைச்சியே, அதுக்குத்தான் கத்தினேன். மேல வெச்சா மூத்திரம் திரும்ப உள்ள போயிடும், கிருமி ஏறி இப்படித்தான் ஜுரம் வரும். இனிமே யாரு வந்தாலும் ஹால்லயே உக்கார வை.

சூப் அடுப்பு மேல இருக்கு.

இன்னொண்ணு. அப்பா இப்பதான் சொன்னாரு, "அவள ஏன்டா திட்டுற? சம்பந்தியம்மா பாக்கறாங்க, மறைச்சு வைம்மான்னு நான்தான் கெஞ்சினேன்."

தண்ணி கொடுத்தா வாயத் திறக்க மாட்டேங்கிறாரு. குடிச்சா பை நிரம்புமாம், பொண்ணு அத எடுத்து ஊத்தணுமாம். நான் கெஞ்சிப் பாத்துட்டேன்.