உங்கப்பா போட்ட ஓட்டு

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருந்தால் எனக்கு வேறென்ன வேண்டும்.

பட்ஜெட் அன்றைக்குப் போனில் அப்பா குரலே சரியில்லை, என்னவோ மறைக்கிறார் என்று கேட்டிருந்தாய். மறைத்தது உண்மைதான். சக்கர நாற்காலிக்கு இதுவரை வரி இல்லை, இனிமேல் உண்டு என்று நிதி மந்திரி டி.வி.யில் வாசித்ததுதான் தாமதம், இனி நம்ம நாற்காலியை எவன் வாங்குவான் என்று அண்ணன் பட்டறையை மூட முடிவு கட்டிவிட்டார். இரும்பையெல்லாம் எடைக்குப் போட ஆளே வந்துவிட்டான். நான்தான் குறுக்கே விழுந்து தடுத்தேன். பார்லிமெண்டில் மைக் மெக்கானிக் என்றால் சும்மாவா, இந்த நாட்டில் எந்தப் பெரிய மனுஷன் பேசினாலும் என் ஒயர் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். சில வரி அன்றைக்கே அமலாகும், இது அந்த ரகம் இல்லை அண்ணே, அவர் வாசித்தது ஆசை, அது மசோதாவாகி, பிரிவு பிரிவாக ஓட்டுக்குப் போய், மேலிடத்துக் கையெழுத்து விழுந்து, அரசிதழில் அச்சானால்தான் சட்டம் என்றேன். பெரிய மந்திரி வந்துட்டாரு, போடா என்றார். ஆனாலும் எடைக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்புறம் நாற்காலி செய்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து உறுப்பினர்களைப் பார்த்துப் பேசியதில், யோசனை என்னுடையதுதான், நாற்காலிக்கு வரி வேண்டாம் என்று மந்திரியே திருத்தம் கொண்டுவந்தார். ஓட்டெடுப்பு அன்று அண்ணனைப் பார்வையாளர் மாடத்தில் உட்கார வைத்துவிட்டு நான் என் மைக் கூண்டுக்குப் போனேன். மகளே, அதை நீ ஹெட்போனில் கேட்க வேண்டும். சபாநாயகர் ஒரு பிரிவின் எண்ணைச் சொல்கிறார், கொட்டாவி விட்டவன் உட்பட எல்லாரும் ஆம் என்கிறார்கள், வாயிலிருந்து போன வெறும் காற்று, அது போய் ஊர் ஊராகச் சோப்பிலும் செருப்பிலும் வரியாக ஒட்டிக்கொள்கிறது. இத்தனை வருஷம் கேட்டும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நம்ம பிரிவு வந்தது. ஆம் என்றார்கள். மேலேயிருந்து இடி மாதிரி இன்னொரு ஆம். யாரென்று பார்த்தால் உங்கப்பா! மந்திரி நாற்காலியிலிருந்து ஒரு முழம் எம்பியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். முடிவை அறிவிப்பதற்குள் காவலர் அண்ணனை வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டார். நான் வாசலுக்கு ஓடிப்போய், திருத்தம் ஜெயித்துவிட்டது அண்ணே என்றால், கையெழுத்தாகி அச்சாகணும்னு நீதானேடா சொன்னே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேற்று அரசிதழில் அச்சாகி வந்தது. அந்த வரியின் மேல் விரலை வைத்துப் படித்தார், பாதி முடித்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே இருந்தார். நான் கத்துனதும் இதுல சேர்ந்திருக்குமாடா என்று மெதுவாகக் கேட்டார். சேராமலா, அதுதானே பலமாகக் கேட்டது என்றேன். இதோ, பட்டறையில் சுத்தியல் சத்தம், என்னை எழுத விடமாட்டேன் என்கிறது.

நீ தொட்ட காரியமெல்லாம் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறட்டும். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் போடு. ஓட்டுப் போட்டதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, அவர் வாயாலேயே சொல்லட்டும், இரண்டு தடவை சொன்னாலும் கேள்.

இப்படிக்கு,
நாட்டின் குரலைக் கையில் வைத்திருக்கும்
உன் சித்தப்பா