டி.வி. விழுங்கும் ஓரம்

14 ஜூலை 2003, திங்கள். காலை 9.40.

மொத்தம் 63 போட்டோ. அதில் 22-இல் ரிச்சர்ட் இருக்கிறார். அந்த 22-இலும் அவர் இருக்கக் கூடாது.

ஆல்பத்தோடு எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்த கிருபானந்தம் சார், ஷூ கம்பெனியில் டைம் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். வரும் 27-ஆம் தேதி அவருக்கு நாற்பதாவது கல்யாண நாள். சர்ச் ஹாலில் ஸ்தோத்திரக் கூட்டம். அங்கே டி.வி.யில் போட, பழைய படங்களைப் பாட்டோடு கோத்து வீடியோ வேண்டுமாம்.

ரிச்சர்ட் அவருடைய மூத்த மகன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அம்பிகா என்ற இந்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பள்ளிகொண்டா போய்விட்டார். ஆம்பூரிலிருந்து முக்கால் மணி நேர பஸ். அன்று சார் மூடிய கதவு இன்னும் திறக்கவில்லையாம்.

“அவன் ஒரு இடத்துல கூட வரக் கூடாது. கம்ப்யூட்டர்ல அழிச்சிருவீங்க இல்ல?”

“அழிச்சா அசிங்கமா தெரியும் சார். கிராப் பண்ணி, ஜூம் வச்சு மறைக்கலாம்.”

“எதையோ பண்ணுப்பா.”

மகள் ஜெனிஃபா கூட வந்திருந்தார். போகும்போது, “ஸ்கேன் மட்டும் முழுசா பண்ணுங்க, ஓரத்தை விட்டுடாதீங்க” என்றார். எனக்கே பாடமா? எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா எதற்குப் படித்தேன்?

15 ஜூலை

நாள் முழுக்க ஸ்கேன். 600 டி.பி.ஐ.யில் வைத்தேன். குறைத்து வைத்தால் ஜூம் போகும்போது முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். படத்துக்கு ஏழு நிமிஷம். பேஜார்.

17 ஜூலை

21 முடிந்தது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் நன்றாக வந்திருக்கிறது.

ஒரு கிறிஸ்துமஸ் படம். நான்கு பேர் வரிசையாக நிற்கிறார்கள், வலது கோடியில் ரிச்சர்ட். இடப்பக்கம் ஜெனிஃபாவின் புது ஃபிராக்கில் ஆரம்பித்து, மெதுவாக நகர்த்தி, அவர்களுடைய அம்மா முகத்தில் நிறுத்திவிட்டேன். ஞானஸ்நானப் படத்தில் ஆள் நடு மையத்தில் இருக்கிறார், கைக்குழந்தையாக. சர்ச் ஐயரின் கையையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் மட்டும் ஜூம் செய்தேன். பார்க்கிறவன் கலை என்பான்.

பாக்கி ஒன்றே ஒன்று. 41-ஆம் நம்பர் படம்.

19 ஜூலை

41 உயிரை வாங்குகிறது.

அமிர்தி அருவியில் எடுத்தது. அம்மா பாறையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறார். ரிச்சர்டுக்குப் பதினெட்டு வயதிருக்கும், மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்த் துண்டை நீட்டுகிறார். இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. இறுக்கி வெட்டினால் அம்மாவின் கன்னம் போகிறது. படத்தையே எடுத்துவிடலாமா என்று ஃபோனில் கேட்டேன். “கூடாது. அவ சிரிச்ச படம் அது ஒண்ணுதான்” என்றார் சார்.

கடைசியில் வழி கிடைத்தது. எந்த டி.வி.யும் படத்தின் நாலு ஓரத்திலும் கொஞ்சம் விழுங்கிவிடும். அதற்காகவே சாஃப்ட்வேரில் ஒரு கோடு உண்டு. ரிச்சர்டை அந்தக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டேன். ஸ்டுடியோ டி.வி.யில் போட்டுப் பார்த்தேன். ஆள் இல்லை.

முதலாளி ரஃபி பாய் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

“சூப்பர்பா. ஆனா அந்தம்மா யாரைப் பார்த்து சிரிக்கிது?”

“யாரா இருந்தா இன்னா பாய்? பத்து செகண்ட்ல அடுத்த படம் வந்துரும்.”

22 ஜூலை

படத்தையும் பாட்டையும் ஒரே வீடியோவாக்கும் ரெண்டருக்குப் பதினோரு மணி நேரம். ஒன்பதாவது மணியில் கரண்ட் போச்சு. மறுபடி முதலிலிருந்து.

27 ஜூலை, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

இருநூறு பேர் வந்துவிட்டார்கள். டி.வி. சின்னதாக இருக்கிறதென்று ஜெனிஃபா தன் கம்பெனியிலிருந்து ப்ரொஜக்டர் கொண்டுவந்து ஸ்டூல்மேல் வைத்திருந்தார். ப்ரொஜக்டர் எதையும் விழுங்காது, இருப்பதை எல்லாம் சுவரில் காட்டும் — இது எனக்குத் தெரியாதா? செகண்ட் இயர்லயே படிச்சது. அந்த நிமிஷம் மண்டையில ஏறல. நாற்காலி போட்டு ஜம்முன்னு உக்காந்துட்டேன்.

41 வந்தது. சுவரின் இடது ஓரத்தில், ஆள் உயரத்துக்கு, பாதி ரிச்சர்ட். ஒரு காது, ஒரு கண், மாங்காயோடு ஒரு கை. அம்மா அந்தக் கையைப் பார்த்துச் சிரிக்கிறார். பத்து செகண்ட். ஒவ்வொன்றாக எண்ணினேன்.

முதல் வரிசையில் பட்டுப்புடவையில் இருந்த அம்மா எழுந்து நின்றார். “ரிச்சர்டு” என்றார். கத்தவில்லை, ஆனால் ஹாலுக்கே கேட்டது. பின்னால் ஏதோ ஒரு குழந்தை, “அது யாரு?” என்றது. சார் அசையவே இல்லை.

படம் முடிந்தது. ஐயர் ஜெபித்தார். பிரியாணி போட்டார்கள். சாப்பிடாமல் ஓடி வந்துவிட்டேன். இனிமே எவன் நம்பி ஆல்பம் குடுப்பான்? பாய் பேரும் சேர்ந்து கெட்டுச்சே.

28 ஜூலை, திங்கள்

பத்து மணிக்கு சார் வந்தார். நான் எழுவதற்குள் பாய் குறுக்கே வந்து நின்றார்.

“தப்பு ஸ்டுடியோவோடது சார். இவனை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் பார்த்து ஓகே பண்ணேன்.”

இரண்டு வருஷமாக இந்த மனிதரை ஆமை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

சார் பாயைத் தாண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “அந்தப் படத்தை எடு.”

எடுத்தேன்.

“பின்னாடி போ.”

ஜூமைக் குறைத்தேன்.

“இன்னும்.”

முழுப் படமும் வந்தது. பாறையின் அடியில் ஒரு நிழல் விழுந்திருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, “இது நான். நான்தான் எடுத்தேன்” என்றார். விரலை எடுத்துவிட்டு, “மத்ததெல்லாம்? வெட்டிப் போட்டுட்டியா?”

“வெட்டல சார். மறைச்சுதான் வச்சிருக்கேன். ஒரு நம்பரை மாத்துனா வந்துருவாரு.”

இருபத்திரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு மணி நேரம். ரெண்டர் ஓடும்போது பத்து நிமிஷம் உட்காரத் தெரியாத நான், மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

“வேணும்னே பண்ணியா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பெரிய மனுஷன் ஆகியிருக்கலாம். “இல்ல சார். தப்பு. டி.வி. விழுங்கிடும்னு நம்பிட்டேன்.”

“ஒன்பது வருஷமா அவ இவன் பேரைச் சொன்னதே இல்ல. கோவத்துல நம்ம பக்கம்தான் இருக்கான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நேத்து ஊரே கேக்கச் சொல்லிட்டா.”

முழுப் படத்தை ஒரு பிரிண்ட் கேட்டார். போட்டுக் கொடுத்தேன். சட்டைப் பைக்குள் கொள்ளவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு போனார்.

30 ஜூலை

ஜெனிஃபா ஃபோன் செய்தார். “தேங்க்ஸ். தெரிஞ்சேதான விட்டீங்க?”

“தெரியாமதான். நீங்க ப்ரொஜக்டரை தெரிஞ்சு கொண்டாந்தீங்களா?”

“நான் ஷிப்பிங்ல இருக்கறவ. எனக்கு ஓரம் கீரம் இன்னாங்க தெரியும்?” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

4 ஆகஸ்ட்

நேற்று சாரும் அம்மாவும் பள்ளிகொண்டா போனார்களாம். தெருமுனையில் இருபது நிமிஷம் நின்றுவிட்டுத்தான் சார் வீட்டுக்குள் போனாராம்.

11 ஆகஸ்ட், திங்கள்

அம்மா தனியாக வந்தார். கையில் ஒரு கவர். ரிச்சர்ட் வீட்டிலிருந்து ஒன்பது போட்டோ. கல்யாணம், குழந்தை, குழந்தையின் முதல் பள்ளிக்கூட நாள். சி.டி.யில் எல்லாவற்றையும் சேர்த்துப் புதிதாகப் போட வேண்டுமாம்.

“உனக்காக தினம் ஜெபம் பண்றேன் தம்பி.”

“உக்காருங்கம்மா, ஸ்கேனர் சூடாகணும்” என்றேன். கண்ணைத் துடைக்க அந்தப் பக்கம் திரும்பியது அவர் இல்லை, நான்.

பத்தாவதாக ஒரு புதுப் படம். போன வாரம் பள்ளிகொண்டா வீட்டு வாசலில், பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தது. ரிச்சர்ட், அம்பிகா, ஏழு வயதுப் பெண், அம்மா — நான்கு பேரும் ஒட்டி நிற்கிறார்கள். ஒரு கை அகலம் தள்ளி, இடது கோடியில் சார். கைகட்டிக்கொண்டு.

அம்மா போனபின் பாய் பார்த்துவிட்டு, “அந்த கேப் நல்லால்ல. கொஞ்சம் டைட் பண்ணிரேன்” என்றார்.

“டைட் பண்ணா சார் போய்டுவாரு பாய்.”

பாய் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். டீ சொல்லப் போய்விட்டார்.

செய்ய வேண்டியவை:

1. 22 படத்திலும் கிராப்பை எடுப்பது. ஞானஸ்நானப் படத்தில் கிண்ணத்தில் ஆரம்பித்துக் குழந்தை முகத்துக்குப் போவது.
2. புதிய பத்தையும் 600-இல் ஸ்கேன் செய்வது. அவசரப்படாமல்.
3. டி.வி., கம்ப்யூட்டர், ப்ரொஜக்டர் மூன்றிலும் பார்க்காமல் இனி எதையும் கையிலிருந்து விடக் கூடாது.
4. பாய்க்கு நன்றி சொல்வது. வாயால். இங்கே எழுதினால் போதாது.
5. வாசல் படம் கடைசியில். ஜூம் வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். அந்த இடைவெளியோடு, முழுசாக, பதினைந்து செகண்ட்.