அட்டை கிழித்த கதைகள்

மகள் என் போனில் கதை படிக்கிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். திறந்ததுமே, உங்களுக்குப் பிடித்த வகை எது என்று கேட்டது. காதல், குடும்பம், க்ரைம், பேய். முன்பின் தெரியாதவர்களுக்கு என் மனசைத் தெரிந்து என்ன ஆகவேண்டும்? மூடி வைத்துவிட்டேன். உடனே உன் ஞாபகம் வந்தது.

தாராவி தையல் பட்டறையில் உனக்கும் எனக்கும் அடுத்தடுத்த மிஷின். மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே புத்தகக் கடை வைத்திருந்தவர், பெண்கள் வந்து நின்றாலே குடும்ப நாவலை நீட்டுவார். "எனக்கு க்ரைம் குடுங்க" என்பேன், வீம்புக்கு. வீம்பே பழக்கமாகி, வேறெதையும் தொடாதவளாகிப் போனேன். அது என் ருசியா, அவர் மேலிருந்த கோபமா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

ஒருநாள் நீ அட்டையையும் முதல் பக்கத்தையும் கிழித்துவிட்டு ஒரு நாவலைக் கொடுத்தாய். அதில் அண்ணிக்குத் தினமும் பால் காய்ச்சிக் கொடுக்கும் கொழுந்தன் மேல் எனக்குச் சந்தேகம். பாலில் என்னமோ கலக்கிறான் என்று அடித்துச் சொன்னேன். கடைசிவரை ஒரு கொலையும் விழவில்லை.

"ஏட்டி, அவன் பாவம், நல்லவன்ட்டி! அட்டையில குடும்பம்னு போட்டிருந்தா நீ தொட்டிருப்பியா?" பட்டறை முதலாளி சேட்டு எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாய். எனக்கு ஆத்திரம். ஆனாலும் அந்தக் கொழுந்தனை மறக்க முடியவில்லை. அதன்பிறகு நீ கொடுத்ததெல்லாம் மொட்டைப் புத்தகங்கள்தான்.

நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் தலையணைக்கடியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாய்.

"இது என்ன கதைட்டி? யாரும் செத்துப்போறாங்களா?" என்று கேட்டேன்.

"படிச்சிட்டு வந்து சொல்லு."

நான் பாதி படிப்பதற்குள் நீ போய்விட்டாய். மீதியைத் தொட மனசு வரவில்லை. முடித்தால் சொல்வதற்கு ஆள் வேண்டுமே.

நேற்றுதான் முடித்தேன். வருஷக்கணக்காகத் தகவலே இல்லாத மூத்த மகள், கடைசிப் பக்கத்தில் வந்து கதவைத் தட்டுகிறாள். அத்தோடு கதை முடிந்தது. குடும்பக் கதை என்றால் அவள் உயிரோடு வந்திருக்கிறாள். பேய்க் கதை என்றால் இல்லை. அட்டை இருந்தால் தெரிந்திருக்கும், அதைத்தான் நீ கிழித்துவிட்டாயே. வேண்டுமென்றே செய்தாயோ என்று உன்மேலும் சந்தேகம் வருகிறது.

இனி அட்டை கிழித்துத் தர எனக்கு யாரும் இல்லை. சந்தேகம் மட்டும் கூடவே இருக்கிறது. ஒன்று மட்டும் நிச்சயம். தட்டுவது நீயாக இருந்தால், என்ன கதை என்று கேட்க மாட்டேன். ஓடிப்போய்க் கதவைத் திறப்பேன்.